ஜேக்கப் விழுந்த விதம்

முப்பது வருஷம், நாளைக்கு மூன்று காட்சி, ஒவ்வொரு காட்சியிலும் அதே இடத்தில் கை நழுவி வலையில் விழுந்த ஒரு மனிதரை, சர்க்கஸ் ஊஞ்சல் கம்பியில், அதாவது பாரில், ஆடத் தெரியாதவர் என்று சொல்லலாமா? பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அப்படிச் சொல்ல வைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஒரு வேலை சரியாக நடந்ததற்கு அடையாளம் அது தெரியாதவன் செய்தது போலத் தெரிவதுதான் என்றால், அந்தத் திறமைக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? திருவொற்றியூரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் நாலு மாடிச் சுவரில் ஜேக்கப்பை வரைய வந்த சிவந்திக்கு இந்தக் கேள்வி முதலில் தோன்றவில்லை. சுவர் முக்கால்வாசி முடிந்த பிறகுதான் தோன்றியது. அதுவும் அவளாக யோசித்து அல்ல.

சிவந்தி மீஞ்சூர்க்காரி. ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுச் சுவர் சுவராக வரைந்துகொண்டிருப்பவள். குடியிருப்புச் சங்கத்தார் மூன்று சுவர்களைக் கொடுத்து, மூன்றிலும் இந்தப் பக்கத்து மனிதர்களைத்தான் வரைய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு சுவரில் மீன் விற்கும் அம்மா. இன்னொன்றில் துறைமுகத் தொழிலாளி. மூன்றாவது யார் என்பது அவள் இஷ்டம்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் உட்கார்ந்து லாரிகளை வரைந்துகொண்டிருந்தபோதுதான் ஜேக்கப்பைப் பார்த்தாள். நாற்பதடி டிரெய்லர் ஒன்று இரண்டு கன்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே பின்பக்கமாக நுழைய வேண்டியிருந்தது. அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒருவர் துணித்தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வழி சொன்னார். "வா, வா, வா… ரைட்ல ஒடி… போதும், நேரா வா…" வாய் சொன்னது கொஞ்சம். தோளும் இடுப்பும் முழங்காலும் சொன்னது அதிகம். டிரைவர் பக்கக் கண்ணாடியில் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தான். வண்டி நின்றபோது அதன் பின்கதவுக்கும் பெரியவர் மூக்குக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது. அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்து, அது இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, டிரைவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"அவரு சர்க்கஸ்ல ஜோக்கரா இருந்தவரும்மா," என்றான் இறங்கி வந்த டிரைவர். "ஜேக்கபு. ராயபுரத்து ஆளு. இவரு நின்னாதான் நா ரிவர்ஸ் எடுப்பேன். வேற எவன் நின்னாலும் பேஜாரு."

வரையலாமா என்று சிவந்தி கேட்டபோது ஜேக்கப் உடனே சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து காட்டினார். அதில் அவருடைய மூன்று படங்கள் இருந்தன. சர்க்கஸ் போன ஊர்களில் கூடாரத்துக்குப் பின்னால் வந்து ஓவியர்கள் வரைந்து, நகல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனவை.

முதல் படத்தில் ஜேக்கப் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருந்தார். உலகத்துத் துக்கமெல்லாம் அந்த முகத்தில் இருந்தது.

"அன்னைக்கு எனக்கு பல்வலி," என்றார் ஜேக்கப். "கடவாப்பல்லு. சொன்னேன், அந்தாளு கேக்கல. அப்டியே இருங்கன்னுட்டாரு."

இரண்டாவது படத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டுக் கண்ணீர். "அது அவரா போட்டுகினது." மூன்றாவதில் கண்ணாடி முன்னால் பாதி ஒப்பனை கலைந்த முகம். "இதுல நா சிரிச்சிகினுதாம்மா இருந்தேன். ஜிங்க் பவுடர தேங்காண்ணெயில கொழச்சி பூசுவோம், அது மீசைக்குள்ள பூந்துகினு வராது. நானும் என் தோஸ்தும் அத்த சொல்லிச் சிரிச்சிகினு இருந்தோம். அவர் சிரிப்ப வுட்டுட்டு மீதியப் போட்டுட்டாரு."

கோமாளியை வரைய உட்காருகிறவர்களுக்குச் சிரிப்புக்குப் பின்னால் ஓர் அழுகை இருந்தே ஆக வேண்டியிருக்கிறது. மாவு மில் வைத்திருப்பவர் முகத்துக்குப் பின்னாலோ தபால்காரர் முகத்துக்குப் பின்னாலோ யாரும் அப்படித் துழாவுவதில்லை. அந்த மூன்று படங்களும் மோசமானவை அல்ல. கோடு தெரிந்தவர்கள் வரைந்தவை. ஆனால் வரைந்தவர்கள் மூவரும் ஏற்கனவே தங்களிடம் இருந்த ஒன்றைத்தான் ஜேக்கப்பிடம் கண்டுபிடித்திருந்தார்கள். தான் அந்தத் தப்பைச் செய்யப்போவதில்லை என்று சிவந்தி அன்றைக்கே முடிவு செய்தாள். முகத்தை அல்ல, அவர் வேலை செய்வதை வரைய வேண்டும். பாரிலிருந்து வலைக்கு விழுகிற அந்த ஒரு நொடியை.

எந்தச் சுவர் என்று தெரிந்ததும் ஜேக்கப்பின் முகம் மாறியது.

"அது ஆன்சி வூட்டுக்கு எதுர் செவுராச்சே," என்றார்.

ஆன்சி அவருடைய ஒரே மகள். காட்டுப்பள்ளியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. எதிர் பிளாக்கில் மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்தச் சுவர்தான். அப்பாவும் மகளும் பேசிக்கொள்வார்கள். பண்டிகைக்குப் போவார், கறி எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார். ஆனால் சர்க்கஸ் என்ற சொல் அந்த வீட்டில் புழங்காது.

காரணத்தை அவர் யார்டு வாசல் டீக்கடையில் நின்றுகொண்டு சொன்னார். ஆன்சிக்கு ஏழு வயது. கோடை விடுமுறைக்கு அம்மா அடைக்கலமேரியோடு சேலம் கேம்ப்புக்கு வந்திருந்தாள். முதல் முறையாக முன்வரிசையில் உட்கார்ந்து அப்பாவின் ஆட்டத்தைப் பார்த்தாள். அவர் பாரைத் தவறவிட்டு விழுந்தபோது, "ப்பா" என்று கத்திக்கொண்டு, பெஞ்சைத் தாண்டி, மரத்தூள் கொட்டிய தரையில் ஓடி வந்துவிட்டாள். கூட்டம் அதற்குச் சிரித்ததைப் போல அன்று வேறெதற்கும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். குழந்தை ஓடி வருவது நன்றாக இருக்கிறது, தினமும் ஓடி வரட்டும் என்றார். ஜேக்கப் மத்தியான ரயிலில் இரண்டு பேரையும் ராயபுரத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்.

"அவ இன்னா நெனச்சிகினான்னா, தான் ஓடியாந்து ஆட்டத்தக் கெடுத்துட்டோம், அதான் அப்பா தொரத்திட்டாருன்னு. அப்பறம் யார் கேட்டாலும், எங்கப்பாவுக்கு பார் ஆடத் தெரியாது, வுழுந்துடுவாரு, அதான் ஜோக்கரா போட்டுட்டாங்கன்னு சொல்லுவா. மேரி எத்தினியோ வாட்டி சொல்லிப் பாத்துது. அதுவும் போயி ஆறு வருசமாச்சி."

"நீங்க சொல்லலியா அங்கிள்?"

"இன்னான்னு சொல்றது? அம்மாடி, உங்கப்பன் நல்லா வுழுவான்னா?" சிரித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "செவுத்துல ஒயுங்கா போடுமா. நா சொல்லத் தேவல. அவ ஜன்னலத் தொறந்து தானா பாத்துக்கட்டும்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. சிவந்தி ஒப்புக்கொண்டாள்.

வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. மேலும் கீழும் ஏற்றி இறக்கும் தூக்கிமேடையில் நின்று அவள் வரைய, உதவிக்கு வந்த ஜெரின் கீழே பெயின்ட் கலந்து கொடுத்தான். மேலே ஆடும் வெற்றுப் பார். அடியில் விரிந்த வலை. நடுவே இரண்டு மாடி உயரத்துக்கு ஜேக்கப். தொளதொள கால்சட்டை, சிவப்பு மூக்கு, விரிந்த கைகள், பின்னால் சாய்ந்து தொங்கும் தலை. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஆன்சி வீட்டு ஜன்னல் மட்டும் மூடியே இருந்தது. தூசி வருகிறதாம்.

யார்டில் இரட்டை ஷிப்ட் என்பதால் ஜேக்கப்பால் வியாழக்கிழமைதான் வர முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. சாலையின் அந்தப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"எப்டி அங்கிள் கீது?" என்றான் ஜெரின்.

"சூப்பரா கீது நைனா." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஆனா இவன் செத்துடுவான்."

சிவந்தி தூக்கிமேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"இவன் தண்ணியில வுழுறாம்மா," என்றார் ஜேக்கப். "வலையில இல்ல."

ஜெரின் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டான். ஏனென்றால் அது உண்மை. மாதிரிக்காக சிவந்தி அவனை எண்ணூரில் அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவுக் கல்மேட்டுக்குக் கூட்டிப் போய், கடலுக்குள் மல்லாக்க விழ வைத்து நாற்பது படம் எடுத்திருந்தாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இருவருக்கும் விழுவதென்றால் தண்ணீரில் விழுவதுதான். அதில் தப்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"தண்ணி தலைய வாங்கிக்கும். வலை வாங்காது, திருப்பி ஒரு தட்டு தட்டும். தலைய இப்டி தொங்க வுட்டா ஒரே தட்டு, கழுத்து காலி. தாடைய நெஞ்சோட ஒட்டிக்கணும். கையி கத்தலாம், காலு கத்தலாம், வாயி கத்தலாம். கழுத்து மட்டும் கம்முனு இருக்கணும்."

"ஆனா பாக்குறவங்களுக்குக் கழுத்து தெரியாதே அங்கிள். நீங்க பயந்துபோய் விழற மாதிரிதானே தெரியும்? அவங்க பார்த்ததைத்தான் நான் போட்டிருக்கேன்."

"அவங்க பாத்தது போதும்மா," என்றார். "முப்பது வருசமா அதாம் பாத்தாங்கோ."

சிவந்திக்கு அவர் சொன்னது புரிந்தது. ஆனால் புரிவது வேறு, கைக்கு வருவது வேறு. தாடையை நெஞ்சில் ஒட்டி ஒரு கோட்டுப்படம் போட்டுப் பார்த்தாள். விழுகிற மனிதன் தூங்குகிறவன் மாதிரி இருந்தான். உதட்டைப் பிதுக்கினாள். ஜேக்கப் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "காலைல காசிமேட்டுக்கு வா," என்றார்.

மீன்பிடித் துறைமுகத்தில் வெள்ளத்துரை வலை கட்டிக்கொண்டிருந்தார். ஜேக்கப்பின் வயதுக்காரர், பள்ளித் தோழர். அவருக்குப் பக்கத்தில் விசைப்படகு வலைகள் இடுப்புயரம் குவிந்திருந்தன. ஜேக்கப் தன் யோசனையைச் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்தார்.

"இன்னா மாமு, காலங்காத்தாலயே ஏத்திகினியா? கெயவனுக்குக் குட்டியானை வண்டி மேலேந்து குதிக்கணுமாம்!"

"குதிக்கல. வுழுறேன்."

"ரெண்டும் ஒண்ணுதாண்டா. எலும்பு ஒடஞ்சா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு யார் தூக்கினு போறது?"

திட்டிக்கொண்டேதான் வலைகளை இழுத்து இன்னும் இரண்டு அடுக்கு போட்டார். ஈயக்குண்டு கோத்த ஓரங்களை ஒவ்வொன்றாகத் தேடி வெளியே எடுத்துப் போட்டார். "செருப்பக் கயட்டுடா. வலை மேல செருப்பு படக்கூடாது," என்றார் கடைசியாக. ஜேக்கப் ஏற்கனவே கழற்றியிருந்தார். வலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மீன் ஏற்றும் குட்டியானையின் கூரை மேல் ஏறினார்.

அங்கே ஏறி நின்றவர் தடுமாறினார். "அங்கிள், வேணாம், இறங்கிடுங்க," என்று சிவந்தி கத்தினாள். அவர் இறங்கப் பார்த்தார், கால் வழுக்கியது, எதையோ பிடிக்கக் கை போனது, தொப்பி பறந்தது, ஆள் மல்லாக்க வந்து வலையில் விழுந்தார். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள், "ஐயோ" என்று எழுந்தார்கள். வெள்ளத்துரை கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு ஓடினார்.

ஜேக்கப் வலையில் படுத்தபடியே, "பாத்தியாம்மா?" என்றார்.

"இல்ல," என்றாள் சிவந்தி. உண்மையாகவே பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள்.

மறுபடி ஏறினார். அதே தடுமாற்றம், அதே இடத்தில் அதே வழுக்கல். மூன்றாவது முறை ஏறினார். இந்த முறை சிவந்தி கைகளையும் கால்களையும் விட்டுவிட்டுக் கழுத்தை மட்டும் பார்த்தாள். உடம்பு முழுவதும் அலறிக்கொண்டிருக்க, தாடை மட்டும் எந்த அவசரமும் இல்லாமல் நெஞ்சை நோக்கி இறங்கி அங்கே தங்கியது. கோயில் தேர் தெருத்திருப்பத்தில் குலுங்கும்போது உள்ளே விளக்கைப் பிடித்திருப்பவர் கை அப்படித்தான் இருக்கும். பிறகு அவள் தரையைப் பார்த்தாள். தொப்பி மூன்று முறையும் ஒரே சிவப்பு மிதவையின் பக்கத்தில்தான் விழுந்திருந்தது. ஒரு சாண் முன்னே பின்னே இல்லை.

விபத்து தன்னைத் திரும்பச் செய்து காட்டாது. திரும்பச் செய்ய முடிகிறதென்றால் அது அறிவு. ஆனால் அறிவு என்று தெரிந்துவிட்டால் அந்த ஆட்டம் முடிந்துவிடும். இப்படி ஓர் இடுக்கில் ஒரு மனிதர் முப்பது வருஷம் குடியிருந்திருக்கிறார், அதற்காக யாரிடமும் முறையிடாமல். சிவந்தி எளிதில் யாரையும் மெச்சுகிறவள் அல்ல. கல்லூரியில் அதற்குக் கெட்ட பெயர் வாங்கியவள். அன்றைக்கு வலைக்குவியல் பக்கத்தில் உட்கார்ந்து பதினோரு கோட்டுப்படங்கள் போட்டாள். பன்னிரண்டாவதைக் கிழித்து ஜேக்கப்பிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். "இதான்," என்றார். முழங்கையில் சிராய்த்திருந்தது. வெள்ளத்துரை அதில் மஞ்சளை அப்பிக்கொண்டே, "டேய், நெசமாலுமே உனக்கு வுழத் தெரியுண்டா," என்றார். ஐம்பது வருஷத் தோழர் முதல் முறையாகச் சொன்னது அது.

அப்போதே சங்கச் செயலாளர் மனோகரனுக்குப் போன் செய்து, சுவரில் தலையையும் கழுத்தையும் அழித்துத் திரும்ப வரையப்போவதாக சிவந்தி சொன்னாள்.

"நாளன்னைக்கு விழாம்மா! கழுத்துதானே? யார் போயி கழுத்தப் பாக்கப் போறாங்கோ?"

"எதிர் வீட்டுல ஒருத்தங்க பார்க்கணும் சார்," என்றாள். அவர் முணுமுணுத்துவிட்டு, சனிக்கிழமை முழுவதும் தூக்கிமேடையை வைத்துக்கொள்ள விட்டார்.

சனிக்கிழமை காலை ஜேக்கப் லீவு போட்டு வந்திருந்தார். துவைத்த சட்டை. சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜெரின் பின்புலத்து நீலத்தைக் கலந்து முடித்திருந்தான். பழைய கழுத்தின் மேல் முதலில் அதை அடித்து மூட வேண்டும். சிவந்தி தூக்கிமேடையில் ஏறி இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் கம்பெனி பஸ் நின்றது. நைட் ஷிப்ட் முடிந்து ஆன்சி இறங்கி வந்தாள். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை. அப்பாவைப் பார்த்ததும் நின்றாள்.

"இன்னாப்பா, வேலைக்குப் போலியா?"

"லீவும்மா. சாப்ட்டியா?"

அவள், பன்னிரண்டு நாளாக வரும்போதும் போகும்போதும் ஏறெடுத்துப் பார்க்காத சுவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பையின் வார் தோளிலிருந்து நழுவி முழங்கைக்கு வந்ததும் அவளுக்குத் தெரியவில்லை.

"இப்டிதாம்ப்பா இருந்துச்சு," என்றாள்.

"எது?"

"சேலத்துல. தல இப்டிதான் தொங்கிச்சு. கழுத்து ஒடஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். அம்மா கடசி வரிக்கும் நம்பல, அப்பா வெளயாட்டுக்குத்தாண்டி வுழுந்தாருன்னுகினே இருந்துது. நா பாத்தேன்ல. அதாம் ஓடியாந்தேன்." அண்ணாந்து தூக்கிமேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எப்டிங்க இவ்ளோ கரெக்டா போட்டீங்க? நீங்க அங்க இல்லியே!"

சிவந்தியின் கையில் உருளைத் தூரிகை நீலத்தில் தோய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஜேக்கப்பைப் பார்த்தாள். தெரிந்தே அப்படி விழுந்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேண்டுமானால் வெள்ளத்துரைக்குப் போன் போட்டால்கூடப் போதும். முந்தின நாள் வரைந்த பன்னிரண்டாவது தாள் அவர் சட்டைப் பையில் மடித்து இருந்தது. அதன் ஓரம் வெளியே தெரிந்தது.

ஜேக்கப் மகளின் முழங்கையில் தொங்கிய பையை வாங்கிக்கொண்டார். "ஆமாம்மா. அன்னைக்கு நல்ல அடி," என்றார்.

"வலிச்சுதா?"

"நீ ஓடியாந்தியா, அப்பறம் தெரியல."

ஆன்சி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மேல வாப்பா, தோசை ஊத்தறேன்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். ஜேக்கப் தூக்கிமேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"அப்டியே வுட்டுடும்மா," என்றார்.

"அங்கிள், மூணு வாட்டி விழுந்து காட்டினீங்க இதுக்காக!"

"தெரியும்மா. வுட்டுடு."

"அது தப்பான கழுத்து அங்கிள். நீங்களே சொன்னீங்க."

"ஆமா, தப்புதான்," என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை விழாவிலும் சொல்லவில்லை, பிறகு சிவந்தி யார்டுக்குப் போய் இரண்டு முறை கேட்டபோதும் சொல்லவில்லை. மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர் பிளாக் படியேறிப் போனார். சிவந்தி பட்டையைக் கழற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். கலந்து வைத்த நீலத்தை ஜெரின் மூடி போட்டு எடுத்து வைத்தான்.